எந்த நாடு?

செம்மேட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் மலைவாழைப் பழம் வாங்கினோம். விற்றுக்கொண்டிருந்த அம்மா சில்லறையை எண்ணியபடியே பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்த நாடுங்க?" என்று கேட்டார்.

பெரியப்பா 45 வருஷமாகச் சிங்கப்பூரில் இருப்பவர். ஆளைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "சிங்கப்பூருங்கம்மா" என்றார்.

"அதில்லீங்க. அரியூர் நாடா, குண்டூர் நாடா, தின்னனூர் நாடா? எந்த நாட்டுக்கு வந்திருக்கீங்க?"

"வாழவந்தி நாடு" என்றேன் நான்.

"அப்ப இதே நாடுதான்" என்று மீதிச் சில்லறையைக் கையில் வைத்தார்.

கொல்லிமலைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மலையில் ஊர்கள் எல்லாம் நாடு நாடாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் கோயில், தன் திருவிழா, தன் பெரியவர்கள். ஊருக்கு ஊர்க்கவுண்டர், அவருக்கு மேலே பட்டக்காரர். கல்யாணம், சாவு, வரப்புத் தகராறு எல்லாம் அந்தக் கட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும். இன்றைக்கு ஊராட்சிகளின் பெயர்களும் அவையேதான். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. ஆக, அவர்களும் எங்கிருந்தோ வாழ வந்தவர்கள்தான்.

பெரியப்பா அந்தப் பெயரையே இரண்டு மூன்று தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வாழ வந்தி... வாழ வந்தி..."

அவர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கிழக்கே கொல்லிமலை தெரியும். பெரியப்பா 1976-ல், 22 வயதில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். யாரும் பணம் கொடுக்கவில்லை, வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. சேலத்தில் மில்லில் வேலை பார்த்தபோது கூட இருந்தவர் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். ஒரு வருஷம் தனியாக வாசித்தார். பிறகு தானாகவே போய்க் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஊர் அவரை அடிக்கவில்லை. அதை அவர் ஒவ்வொரு தடவையும் அழுத்திச் சொல்வார். "ஒரு அடி கூட விழலை கண்ணு. அடிச்சிருந்தா ஆறியிருக்கும்." ஊர்க்கூட்டம் கூடிப் பேசியது. அடுத்த நாளிலிருந்து சவரம் செய்கிறவர் வரவில்லை. டீக்கடையில் பென்ச்சில் இடம் இருந்தும் இடமில்லை என்றார்கள். பொதுக்கிணற்றில் கயிறைத் தொடக் கூடாது, யாராவது இறைத்து ஊற்றினால் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் அப்பாயி அவருக்குத் தனியாக ஒரு டம்ளர் வைத்தார். ஊருக்குப் பயந்துதான் வைத்தார். இரவில் எல்லாரும் தூங்கின பிறகு அதே அப்பாயி அவர் தலையைத் தடவிக் கொடுப்பாராம்.

1978-ல் தாத்தா இறந்தார். தலைமகன் பெரியப்பா. கொள்ளி வைத்தது என் அப்பா. பெரியப்பா சாலைக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில் நின்றார். பாடை போகும்போது தோள் கொடுக்க ஓர் அடி எடுத்து வைத்தாராம். யாரோ ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். வேகமாகக்கூட இல்லை, மெதுவாக, மாட்டைத் தட்டி ஒதுக்குகிற மாதிரி. அடுத்த வருஷம் கப்பல் கட்டும் தளத்துக்கு ஆள் எடுத்தபோது வெல்டராகச் சிங்கப்பூர் போய்விட்டார்.

அங்கே ஷார்ட் தெருவில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பழைய சபை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேநீர் கொடுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை. பெரியப்பா கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்று அழுதாராம். சாமி கும்பிட்டு வந்த அழுகை இல்லை அது, டம்ளரைப் பார்த்து வந்த அழுகை.

இப்போது 70 வயதில் ஊருக்கு வந்தவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம், "கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போ. அந்தத் துரையம்மா சமாதியைப் பார்க்கணும்."

துரையம்மா என்று அவர் சொன்னது ஈவ்லின் பிராண்டை. பலருக்கு டாக்டர் பால் பிராண்டைத் தெரிந்திருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். 1914-ல் பிறந்தவர், சிறு வயதில் வளர்ந்தது கொல்லிமலையில். அவருடைய அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1913-ல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடித்த கையோடு மலை ஏறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து வயிற்றைக் கலக்கிக்கொண்டு ஏறுகிறது. அன்று ஒற்றையடிப் பாதை, இல்லாவிட்டால் டோலி. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி ஆட்கள் இரவு தங்க மாட்டார்கள்.

ஜெஸ்ஸி டாக்டர் அல்ல. ஊழியத்துக்கு வருமுன் வெப்பமண்டல வைத்தியத்தில் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டவர். பல் பிடுங்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைச் சுற்றிச் சுற்றி இழுத்தெடுப்பார். படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளால்தான் அந்தப் புழு பரவுகிறது என்று கிணற்றுக்குச் சுவர் எடுக்கச் சொல்லி ஊர் ஊராக அலைந்தார். பள்ளிக்கூடம் வைத்தார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பட்டுப்புழு வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். வனத்துறையோடும் வட்டிக்காரர்களோடும் மலை மக்களுக்காக மல்லுக்கு நின்றார். மக்கள் வந்தார்கள், மருந்து வாங்கினார்கள், பேச்சைக் கேட்டார்கள். ஆனால் வருஷக்கணக்கில் ஒருவர்கூட வேதத்தில் சேரவில்லை.

பூசாரிக்குப் பயந்து சேரவில்லை என்றுதான் பிராண்ட் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஒரு பூசாரி ஊரைத் தனியாளாகப் பயமுறுத்தி வைத்திருக்க முடியாது. மழை பொய்த்தால், மாடு செத்தால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாரும் ஓடிப்போகிற இடம் அவர் வீடு. ஒருவன் முறை தவறினால் தெய்வக்குற்றம் மொத்த ஊரையும் பிடிக்கும் என்று ஊரே நம்பியது. அந்தப் பயத்துக்கு அவர் வாய் கொடுத்தார். 1976-ல் எங்கள் ஊர்க்கூட்டத்தில் பேசினவர்களும் கெட்டவர்கள் இல்லை என்று பெரியப்பாவே சொல்வார். அவர்களில் ஒருவர் அவரைத் தோளில் தூக்கி வளர்த்த மாமா.

1918-ல் விஷக் காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கப் பரவிய அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மலையிலும் வீடு வீடாக விழுந்தார்கள். நோய் கண்ட வீட்டை விட்டு அக்கம்பக்கத்தார் ஒதுங்கிவிட்டார்கள். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாமலே பலர் செத்தார்கள். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். பூசாரி வீட்டுக்கும் போனார்கள்.

பூசாரியும் அவர் மனைவியும் சாகக் கிடந்தார்கள். கைக்குழந்தையாக ஒரு பெண், அதற்கு மூத்த பையன் ஒருவன். யாரும் வராத வீட்டுக்குள் தான் எதிர்த்து நின்ற வெள்ளைக்காரர்கள் வந்து கஞ்சி ஊட்டினதை அவர் பார்த்தார். தன் குழந்தைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அவர்களுடைய தெய்வத்திடமே ஒப்படைக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனார். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத் என்றும் பையனுக்கு ஆரோன் என்றும் பெயர் வைத்தார்கள். ரூத் பிராண்ட் வீட்டுப் பிள்ளையாக, பாலுக்குத் தங்கையாக வளர்ந்தாள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

சாகப்போகிறவனைப் பிடித்து மாற்றினார்கள், பஞ்சத்திலும் நோயிலும் ஆள் சேர்த்தார்கள் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை நான் லேசாகத் தள்ளவில்லை. கஞ்சியும் மருந்தும் பள்ளிக்கூடமும் கையில் இருப்பவனுக்கும் எதுவும் இல்லாதவனுக்கும் நடுவில் நடக்கிற பேச்சு சமமான பேச்சு அல்ல. ஆனால் பூசாரி விஷயத்தில் அது பொருந்தவில்லை. சாகிற மனுஷனுக்கு எந்த லாபமும் மிச்சமில்லை. அவர் கேட்டதும் தனக்காக அல்ல. தன் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்கள் என்று சுற்றிப் பார்த்தார். ஊருக்காக உடுக்கை பிடித்த கைக்கு அந்த நேரத்தில் ஊரிலிருந்து ஒரு கை நீளவில்லை. நோய்ப் பயம்தான் காரணம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கடைசி இரவை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒரு நாட்டின் தெய்வத்துக்கே வாயாக இருந்தவர், அந்த நாட்டை விட்டுத் தன் பிள்ளைகளை வெளியே அனுப்பிவைக்கிறார். ரூத்துக்கும் ஆரோனுக்கும் அன்று கடக்க வேண்டியிருந்தது கடல் அல்ல, சில வயல்கள். அந்த வயல்களுக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு வேற்று நாடுதான்.

பெரியப்பா சிங்கப்பூரில் ஒரு பழைய புத்தகத்தில் இந்தக் கதையை வாசித்தாராம். வாசித்துக்கொண்டே போனவர் கொல்லிமலை என்ற பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நம் திண்ணையிலிருந்து தெரிகிற மலை. "அந்த மலைலயா இது நடந்துச்சுன்னு இருந்துச்சு கண்ணு. நான் தினமும் பாத்துக்கிட்டு இருந்த மலை."

பெரியப்பாவைப் போல மதம் மாறி ஊரை விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஊரே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1799-ல், தாவீது சுந்தரானந்தம் என்பவரின் முயற்சியில், சொந்த ஊரில் இருக்க முடியாமல் விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர். அப்படி உண்டான முதல் ஊர் என்பதால் முதலூர். அந்தப் பெயரை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அவர்கள் கோயிலைக் கட்டுவதற்கு முன்னால் ஊரைத் தேடினார்கள் என்பதுதான். ஜெபம் பண்ண ஒரு மரத்தடி போதும். தண்ணீர் மொள்ளவும், பெண் கொடுத்து எடுக்கவும், செத்தால் தூக்கிப் போகவும் ஓர் ஊர் வேண்டியிருக்கிறது. அதே தென்மாவட்டங்களிலிருந்து பின்னாளில் எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போயின. எல்லாரும் மதத்துக்காகப் போகவில்லை, பெரும்பாலும் வயிற்றுக்காகப் போனார்கள். ஆனால் ஊரில் இடமில்லாதவனுக்கு வயிற்றுப் பாடு இரண்டு மடங்கு.

சட்டம் ஒன்றும் செய்யாமல் இல்லை. மதம் மாறியவனின் சொத்துரிமையைப் பறிக்கக் கூடாது என்று 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைச் சொல்கிறது. கொல்லிமலைக்காரர் ஒருவர் கிறிஸ்தவரானாலும் அவருடைய பழங்குடித் தகுதி போகாது. ஏனென்றால் பழங்குடிப் பட்டியலில் மதம் ஒரு நிபந்தனை இல்லை. தாழ்த்தப்பட்ட சாதிப் பட்டியலில் அப்படி இல்லை. 1950 ஆணையின்படி இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது, 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும், சேரி மட்டும் போகாது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். மலைக்கு ஒரு நீதி, சமவெளிச் சேரிக்கு ஒரு நீதி.

ஆனால் பொதுக்கிணற்றுக் கயிறு வரைக்கும் எந்தச் சட்டப் பிரிவு இறங்கி வரும்? டீக்கடைப் பென்ச் வரைக்கும்?

உலகம் முழுவதும் இப்படித்தான் இருக்கிறது. 2006-ல் ஆப்கானிஸ்தானில் அப்துல் ரகுமான் என்பவர் கிறிஸ்தவரானதற்காகக் கைதானார், மரண தண்டனை வரும் நிலை. உலகமே பேசியது, கடைசியில் இத்தாலி அடைக்கலம் கொடுத்தது. செய்திகளில் அரசு, நீதிமன்றம், மதகுருமார் என்றுதான் வந்தது. ஆனால் வழக்கின் வேர் எங்கே என்று பார்த்தால், பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது என்று வீட்டுக்குள் நடந்த சண்டை. காட்டிக்கொடுத்தவர்கள் அவர் குடும்பத்தார். அகதிகளுக்கான 1951 ஜெனீவா உடன்படிக்கை, மதத்துக்காகத் துன்புறுத்தப்படுகிறவனையும் அகதி என்கிறது. எல்லை தாண்டியவனுக்குத்தான் அந்தப் பெயர். எல்லையைத் தாண்டுவதற்கு வெகு நாள் முன்பே அவன் வீட்டுத் திண்ணையில் அகதியாகிவிடுகிறான்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. "அகதின்னா போக்கிடம் இல்லாதவன். எனக்குப் போக்கிடம் கிடைச்சுது. போனேன். சம்பாதிச்சேன். உங்க அத்தைக்குக் கல்யாணம் நான் அனுப்பின பணத்துலதான நடந்துச்சு." அந்தக் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

சமாதி இருக்கும் இடத்துக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள். பெரியப்பா மெதுவாகத்தான் நடந்தார். நடந்துகொண்டே ஈவ்லினைப் பற்றி அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார், நான் வாசித்துத் தெரிந்துகொண்டதைவிட அதிகமாக.

1923-ல் ஒன்பது வயது பாலையும் தங்கை கோனியையும் படிக்க இங்கிலாந்தில் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் மலைக்குத் திரும்பினார்கள். 1929-ல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப் போகும் காய்ச்சல். வயது 44. சாவுச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பிறகு, அப்பா எழுதிய கடைசிக் கடிதம் கப்பலில் மெல்ல வந்து பாலின் கையில் கிடைத்தது. ஈவ்லின் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடி இந்தியாவுக்கே வந்துவிட்டார். 1947 வாக்கில் வயதாகிவிட்டது, ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மிஷன் சொன்னது. மலையில் ஒரே ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அனுமதி வாங்கினார். வருஷம் முடிந்தது. அவர் இறங்கவில்லை. மிஷனிலிருந்து விலகிக்கொண்டு தன் சொந்தப் பொறுப்பில் தங்கிவிட்டார். கொல்லிமலை மட்டுமல்ல, பச்சைமலை, கல்வராயன் என்று மலை மலையாகக் குதிரையில் போனார். 75 வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். முதுமையில் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் ஓவியம் கற்றவர், லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தபோது மலைக்கே கொண்டுவந்து கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

"நான் இங்கிருந்து போனேன். அந்தம்மா அங்கிருந்து வந்துச்சு" என்றார் பெரியப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு, "அதையும் மொதல்ல யாரும் சேத்துக்கலை பாத்தியா" என்றார்.

சமாதி முன்னால் அவர் ஜெபம் எதுவும் சத்தமாகச் செய்யவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு நின்றார். மேலே விழுந்து கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கினார். ஒதுக்க ஒதுக்கக் காற்றில் இன்னும் விழுந்துகொண்டிருந்தன. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். நான் கோயிலுக்குப் போகிறவன், இந்த நம்பிக்கை என்னுடையது அல்ல. ஆனால் தாத்தாவின் பாடைக்குத் தோள் கொடுக்கக்கூட அவரை விடவில்லை என்ற நினைப்பு வந்து, அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. வழியில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கொஞ்சம் தண்ணீர் கேட்டார். பாட்டி உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தார். எந்த ஊர், என்ன ஆள், எந்தச் சாமி என்று ஒன்றும் கேட்கவில்லை. "மெதுவா குடி சாமி" என்று மட்டும் சொன்னார்.

பெரியப்பா சொம்பைத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் போனது. அவருக்கு 70 வயது, கை நடுங்குகிறது. சொம்பின் விளிம்பை வேட்டி நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

கொஞ்ச தூரம் வந்த பிறகு, "வாய் வெச்சே குடிச்சிருக்கலாமே பெரியப்பா, அந்தப் பாட்டி ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்களே" என்றேன்.

"தெரியும் கண்ணு" என்றார். கழுத்தில் இருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சேந்தமங்கலம் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார்.